தோசா பௌதியின் கைராசி

கொல்கத்தாவுக்கு என்னை அனுப்பியது ஒருவரின் வாயை அடைத்துவிட்டு வருவதற்காக. அவர் ஆணா பெண்ணா, தனி ஆளா கும்பலா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. பெஹாலாவில் ஒரு சந்திலிருந்து ஓயாமல் புகார் போடும் ஒரு கைபேசி எண். அவ்வளவுதான் எங்களிடம் இருந்த தகவல்.

எங்கள் நிறுவனம் கோயமுத்தூர் பீளமேட்டில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது. நகரங்களைப் புத்திசாலி ஆக்குவது எங்கள் தொழில். கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் அது இப்படி: தெருவிளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை, சாக்கடை மூடியைக் காணோம் என்று மக்கள் கைபேசிச் செயலியில் புகார் போடுவார்கள். ஒவ்வொரு புகாரும் ஊர் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி ஆகும். சிவப்பு எங்கே அடர்த்தியோ அங்கே லாரியும் ஆட்களும் போவார்கள். பெஹாலா பக்கம் சில தெருக்களின் பராமரிப்பை எடுத்திருந்த ஓர் ஒப்பந்த நிறுவனம் இதை எங்களிடம் வாங்கியிருந்தது. வாங்கிய நாளிலிருந்து ஒரே ஒரு சந்து மட்டும் பழுத்த மிளகாய்போல் சிவந்து கிடந்தது. சுற்றியிருந்த இடமெல்லாம் பச்சைப் பசேல்.

எங்கள் முதலாளிக்கு அவசரம். வெள்ளிக்கிழமை வேறோர் ஊரின் அதிகாரிகளுக்கு இதே வரைபடத்தைத் திரையில் போட்டுக் காட்டியாக வேண்டும். "போய் யாருன்னு பாருங்க. பேசிப் பாருங்க. கேக்கலீன்னா அந்த நம்பரை முடக்கலாம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க" என்றார். நிறுவனத்தில் வரி எழுதிக் கொடுக்கும் வேலை என்னுடையது. செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

விமான நிலையத்தில் செயலி வழியே பிடித்த காரில் ஏசியைப் போடச் சொன்னேன். சொத்தில் பங்கு கேட்டதுபோல ஓட்டுநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்துகொண்டோம். நியூ டவுனின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே, வழி சொல்லும் குரலை நம்பி ஒரே ரவுண்டானாவைத் திரும்பத் திரும்பச் சுற்றினோம். மூலவரே இல்லாத கோயிலில் பிரகாரம் சுற்றுவதுபோல இருந்தது. "இது மெஷின் போட்ட ஊர் சார். இங்கே மெஷினைக் கேட்டுத்தான் போகணும். பழைய கொல்கத்தா வரட்டும், கண்ணை மூடிக்கிட்டு ஓட்டறேன்" என்றார் ஹிந்தியில். பழைய கொல்கத்தா வந்தது. சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார் என்றுதான் நினைக்கிறேன்.

ஒப்பந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் என்னை வரவேற்றவர் தீபாங்கர் பாபு. பெஹாலா பகுதிக்குப் பொறுப்பாளர். வங்காளத்தில் ஒரு நல்ல வழக்கம், வந்த காரியத்தைப் பிறகுதான் கேட்பார்கள். முதலில் சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய், அது வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா. மூன்றாவது கேள்விக்கு நான் தயங்கியதும் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு செரிமான மாத்திரையை எடுத்து வைத்தார். அதன் பிறகு லூச்சி வரவழைத்தார். நம் பூரியேதான், ஆனால் மைதாவில் செய்தது. வெள்ளை வெளேரென்று, நிலவைப் பொரித்தது மாதிரி. கூடவே உருளைக்கிழங்குக் குழம்பு. மாத்திரையை ஏன் முதலில் கொடுத்தார் என்பது ஆறாவது லூச்சியில் புரிந்தது.

அவருடைய தலைவலியையும் கேட்டேன். புகார் வருகிறதாம், ஆட்கள் போகிறார்களாம். போய்ப் பார்த்தால் சாக்கடை மூடி கெட்டியாக இருக்கிறது, விளக்கு எரிகிறது, குப்பை இல்லை. படம் பிடித்து, 'தீர்ந்தது' என்று பதிந்துவிட்டு வருகிறார்கள். மறுநாள் அதே இடத்திலிருந்து அதே புகார். இது சதி என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. சதி செய்வது எந்தக் கட்சி என்பதில்தான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஒரு கட்சியைச் சொல்வார், டீயை ஒரு மடக்குக் குடிப்பார், இன்னொரு கட்சிக்கு மாறிவிடுவார்.

மதியம் நானே போய்ப் பார்த்துவிடலாமென்று ஆட்டோ ஏறினேன். இங்கே ஆட்டோ நாம் சொல்லும் இடத்துக்கு வராது. அது போகும் இடத்துக்கு நாம் போகலாம். பின்னால் மூவர், முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் நான், பாதி உடம்பு உள்ளே, மீதி பெஹாலாவில். சந்துக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு மணி. ஊரே உறங்கிக்கொண்டிருந்தது. கடைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. பகல் சாப்பாட்டுக்குப் பின் இங்கே வியாபாரம் பாவம். எங்கள் ஊரில் மில் சங்கு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் சொர்க்கத்தில்தான் வாய்க்கும்.

ஆனால் சந்து என்னைத் திகைக்க வைத்தது. இவ்வளவு சுத்தமான சந்தை நான் கோயமுத்தூரிலேயே பார்த்ததில்லை. ஒரு காகிதத் துண்டு கிடையாது. சாக்கடை மூடி புது வண்ணத்தில் பளபளத்தது. நல்ல வெயிலில் தெருவிளக்கு வேறு எரிந்துகொண்டிருந்தது, எதற்கும் இருக்கட்டும் என்பதுபோல. புகார் எண் பதிவாகியிருந்த இடத்தில் ஒரு சின்னக் கடை. மூடிய ஷட்டருக்கு மேலே வங்காள எழுத்து. அதன் கீழே நம் எழுத்து: 'இட்லி தோசை மாவு கிடைக்கும்.'

சதிகாரர் தமிழர். தீபாங்கர் பாபுவின் பட்டியலில் இல்லாத கட்சி.

மறுநாள் காலையில் காபிக்காக லேக் மார்க்கெட் போனேன். அங்கே அப்பளமும் நல்லெண்ணெயும் வாழை இலையும் அடுக்கிய கடைகளின் நடுவே ஒரு சின்னச் சிற்றுண்டிக் கடை. முதலாளிக்கு முப்பது வயதிருக்கும். தாத்தா காலத்தில் கும்பகோணத்திலிருந்து வந்த குடும்பமாம். "தண்ணி சாப்பிடுறீங்களா சார்?" என்றார். வங்காளியில் தண்ணீரையும் 'சாப்பிட'த்தான் வேண்டும், அந்த வழக்கம் இவர் தமிழுக்குள் குடியேறிவிட்டது. நான் தண்ணீரைச் சாப்பிட்டேன். காபி அருமை. பேச்சுவாக்கில் பெஹாலா மாவுக்கடையைக் கேட்டேன். "தோசா பௌதியா?" என்று சிரித்தார். பௌதி என்றால் அண்ணி. இங்கே அக்கம்பக்கத்துப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் தூத்துக்குடிப் பக்கம், பெயர் சண்முகக்கனி, உளுந்து இவரிடம்தான் வாங்குகிறார். "அவங்களுக்குக் கைராசி சார். அவங்க எழுதிப் போட்டா கவர்மெண்டே ஓடி வருமாம். எங்க கடை முன்னாடி குழி இருக்கு, நானே ஒருநாள் போய்ச் சொல்லலாம்னு இருக்கேன்."

எனக்குக் காபி பாதியில் நின்றது.

பத்து மணிக்குக் கடை திறந்திருந்தது. உள்ளே இரண்டு பெரிய கிரைண்டர்கள் கடகடத்துக்கொண்டிருந்தன. சண்முகக்கனி அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். மாவை உறையில் ஊற்றி முடிச்சுப் போடும் வேகத்தைப் பார்த்தால் பேச்சும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. அப்படித்தான் இருந்தது. கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. மாற்றலாகி வந்த இடத்தில் மாவரைக்கத் தொடங்கி, இப்போது பாதிப் பெஹாலாவின் ஞாயிற்றுக்கிழமைக் காலை இவர் கையில்.

என் தமிழைக் கேட்டதும் நிமிர்ந்தார். "கோயமுத்தூர்லேர்ந்தா வாரிய? மாவு வேணுமா, இல்ல புகாரா?"

"ரெண்டும் இல்லீங்க்கா. நீங்க புகார் போடறீங்கள்ல, அந்த ஆப் எங்க கம்பெனிதுங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி போட்டார். பக்கத்துக் கடைக்காரரிடம் வங்காளியில் ஏதோ அறிவித்தார். தனக்கு ஏதோ பாராட்டுக் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்பதுதான் அறிவிப்பு. பக்கத்துக் கடைக்காரர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். நானும் குலுக்கினேன். வேறென்ன செய்வது.

கைராசி உண்டான கதையை அவரே சொன்னார். போன வருடம் கடைக்கு எதிர் விளக்கு எரியாமல் இருந்தது. செயலியில் போட்டார். மறுநாள் பொழுது சாய்வதற்குள் எரிந்தது. அது போதும். மாவு வாங்க வந்தவர்கள் எல்லாம் தங்கள் தெரு விளக்கையும் குப்பையையும் இவரிடம் சொல்லத் தொடங்கினார்கள். சொந்தக் கைபேசியில் போட்டால் பலிக்காது, பௌதி கையால் போட வேண்டும். மாவு உறையில் நிரம்புகிற நேரத்துக்குள் இவர் ஒரு புகாரைத் தட்டிவிடுவார். "சும்மா சொல்லக் கூடாது தம்பி. லாரி தெனமும் வருது. வாரவனுவ எல்லாம் நல்ல புள்ளைய. போகும்போது ஆளுக்கு ஒரு கவர் மாவு வாங்கிட்டுப் போறானுவ."

நான் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது குடையோடு ஒரு பெண் வந்தார். மிதாலி. ஒரு தனியார் நர்சிங் ஹோமில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மாவு வாங்கிக்கொண்டு, குளத்துக்கு அந்தப் பக்கம் தன் வீட்டுச் சந்தில் சாக்கடைக் குழி இன்னும் மூடி இல்லாமல்தான் கிடக்கிறது என்றார். 'தீர்ந்தது' என்று செய்தி வந்துவிட்டது, மூடிதான் வரவில்லை. அவர் குரலில் கோபம் இல்லை, ஒரு களைப்பு. அக்கா எனக்கு மொழிபெயர்த்துவிட்டு, "இந்தத் தடவ நல்லா அழுத்திப் போடுதேன்" என்று கைபேசித் திரையை விரலால் அமுக்கினார்.

என் கணினியில் ஒரு சிவப்புப் புள்ளி வந்து விழுந்தது. குளத்துக்கு அந்தப் பக்கம் அல்ல. நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேரே, மாவுக்கடையின் நெற்றியில்.

குளம் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். நடந்தால் கொஞ்ச நேரம், டோட்டோவில் சீக்கிரம் என்றார்கள். டோட்டோ என்பது இங்கே சந்துகளில் ஓடும் பேட்டரி ரிக்‌ஷா. அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் செயலி, சிக்கல் எங்கே என்று கேட்பதில்லை. புகார் போடும் கைபேசி எங்கே இருக்கிறதோ அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. பெஹாலாவின் இருண்ட விளக்குகள், நாறும் மூலைகள், திறந்த குழிகள் எல்லாவற்றையும் இந்த அம்மாள் மாவோடு மாவாக வாங்கி, தன் கடை வாசலிலேயே கொட்டிக்கொண்டிருந்தார். ஆட்கள் இங்கே வந்தார்கள், எரியும் விளக்கையும் மூடிய குழியையும் படம் பிடித்தார்கள், மாவு வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதை உடனே அவரிடம் சொல்லியிருக்கலாம். பக்கத்துக் கடைக்காரர் எனக்கு ரசகுல்லா வாங்கிக்கொண்டு வந்து நின்றார். சொல்ல வாய் வரவில்லை. வந்த வாயில் ரசகுல்லா இருந்தது.

மாலையில் முதலாளிக்குத் தொலைபேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அதன் பின் இது செயலியின் பிழை அல்ல, பயன்படுத்துகிறவரின் பிழை என்றார். வரைபடத்தில் ஒரு குறி இருக்கிறதாம், அதை விரலால் இழுத்து உரிய இடத்தில் வைக்கலாமாம். இருக்கிறது, உண்மைதான். கடுகு அளவில் இருக்கிறது. கடுகை வரைபடத்தில் இழுத்து நட்டு வைக்க யாருக்குப் பொறுமை. "வெள்ளிக்கிழமை முடியட்டும், பாத்துக்கலாம். இப்போதைக்கு நம்பரை முடக்கறதுக்கு எழுதிருங்க" என்று முடித்தார். நான் எழுதவில்லை. மறுக்கவும் இல்லை. அந்தக் குழியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு எழுதலாம் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். மிதாலி மறுநாள் வேலைக்குப் போகும் முன் தானே காட்டுவதாகச் சொல்லியிருந்தார்.

மறுநாள் மழை. நம் ஊர் மழை வானத்திலிருந்து பெய்யும். கொல்கத்தா மழை நாலு பக்கத்திலிருந்தும் வரும், தரையிலிருந்தும் வரும். விடுதிச் சமையல்காரர் கேட்காமலே கிச்சுடி கொண்டுவந்து வைத்தார். அரிசியும் பருப்பும் குழைத்தது, பக்கத்தில் பொரித்த கத்தரிக்காய், மேலே நெய். மழை பெய்தால் இங்கே எல்லா வீட்டிலும் இதுதானாம். எங்கள் ஊரில் மழைக்குப் பஜ்ஜி போடுவோம் என்றேன். "பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு எதைச் சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். நான் இன்னொரு கரண்டி கிச்சுடி வாங்கிக்கொண்டேன்.

மாவுக்கடை வாசலில் மிதாலியும் நானும் டோட்டோ ஏறினோம். சந்தில் முழங்கால் தண்ணீர். ஓட்டுநர் கால்சட்டையை மடித்து, ஆற்றில் தோணி விடுவதுபோல் ஓட்டினார். ஒரு கடைக்காரர் கடைக்குள் தண்ணீரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். யாரிடமும் பதற்றம் இல்லை. எனக்கு மட்டும்தான் செருப்பு மிதந்தது.

குளத்தைத் தாண்டியதும் மிதாலி கையை நீட்டினார். கொஞ்சம் தள்ளி, தண்ணீரில் ஒரு மூங்கில் கழி நின்றது, நுனியில் சிவப்புத் துணி. குழி இருக்கும் இடத்துக்கு அக்கம்பக்கத்தார் வைத்த அடையாளம். ஓட்டுநருக்கும் தெரிந்திருந்தது. கழியை விட்டு நன்றாக விலகி, இடது பக்கம் ஒடித்தார்.

மூங்கிலைத் தண்ணீர் நகர்த்தியிருந்தது. அது எதிலேயோ சிக்கி நிமிர்ந்து நின்றதே தவிர, நின்ற இடம் குழி அல்ல. குழி நாங்கள் ஒடித்த பக்கத்தில் இருந்தது.

முன் சக்கரம் இறங்கியது. வண்டி மூக்குக் குப்புற விழுந்து பக்கவாட்டில் சாய்ந்தது. நான் ஓட்டுநர் மேல் விழுந்தேன், அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு உதடு கிழிந்தது. மிதாலி வெளியே தெறித்து, கையை ஊன்றி விழுந்தார். தண்ணீருக்குள்ளிருந்து அவர் கையை எடுத்தபோது மணிக்கட்டு இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. அவர் இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு, என்னை நகராமல் நிற்கச் சொல்லிச் சைகை செய்தார். நான் நின்ற இடத்துக்கும் குழியின் விளிம்புக்கும் ஓரடி இருந்திருக்கும். கலங்கிய தண்ணீரில் எனக்கு அது தெரியவே இல்லை.

அதுவரை எனக்கு அந்தக் குழி ஒரு புள்ளி. 

அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். வண்டியைத் தூக்கினார்கள், மருத்துவமனைக்கு வேறு வண்டி பிடித்தார்கள். எலும்பு முறிவு, கட்டுப் போட வேண்டும் என்றார்கள். மிதாலி முதலில் செய்தது, இடது கையால் நர்சிங் ஹோமைக் கூப்பிட்டு அன்றைய இரவுக்கு மாற்று ஆள் ஏற்பாடு செய்தது. நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைக்கிற வேலை, இனிச் சில வாரங்களுக்கு முடியாது. தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஹிந்தியில் கேட்டார். "நீங்கள்தானே அந்தச் செயலிக்காரர். நான் எத்தனை தடவை சொன்னேன். அதெல்லாம் எங்கே போயிற்று?"

"பௌதி கடை வாசலுக்கு" என்றேன்.

"அங்கே மூடி இருக்கிறதே."

"ஆமாம்" என்றேன். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சண்முகக்கனி அக்கா நனைந்தபடி ஓடி வந்தார். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கணினியைத் திறந்து காட்டினேன். சிவப்பை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ நான் போட்டது எல்லாம் எங்க வாசல்லயே வந்து விழுந்துச்சா?"

"ஆமாங்க்கா."

"எவ்வளவு பேர் வந்து சொன்னாவ. நான் என்னமோ..." என்று நிறுத்தினார். கைராசி என்ற சொல்லை அவர் அன்றைக்கு மட்டுமல்ல, அப்புறமும் என் காதுபடச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நம்பர முடக்கணும்னு சொன்னாவன்னு சொன்னியளே, நாளைக்கு ஒரு நாள் விட்டு வைக்கச் சொல்லுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை மாவுக்கடை திறக்கவில்லை. ஷட்டருக்கு வெளியே அக்கா கைபேசியோடும் குடையோடும் தயாராக நின்றார். யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அவருக்கு மாவுக் கணக்கோடு சேர்ந்தே நினைவில் இருந்தது. கால் கிலோக்காரர் வீட்டு விளக்கு, சட்னி கேட்டு நச்சரிக்கும் ஆசிரியர் தெருக் குப்பை, ஒவ்வொரு தரமும் புளிப்பு அதிகம் என்று குறை சொல்லும் மாமாவின் மூலைச் சாக்கடை. ஒவ்வோர் இடத்துக்கும் நடந்தோம். அந்தந்த இடத்திலேயே நின்று திரும்பப் புகார் போட்டார். முதலில் போட்டது குளத்துக்கு அந்தப் பக்கத்துக் குழி. அதன் விளிம்பில் நின்று, நான் குடை பிடிக்க, அவர் தட்டினார். அழுத்தவில்லை, மெதுவாகத்தான் தட்டினார். புள்ளி சரியான இடத்தில் விழுந்தது.

நாங்கள் போகப் போகப் பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். இன்னும் இந்தப் பக்கம் வரவில்லையே பௌதி என்று கூப்பிட்டார்கள். ஒரு வீட்டில் டீ, ஒரு வீட்டில் சந்தேஷ் இனிப்பு. ஒரு பெரியவர் தன் வீட்டுக் கழிவறைக் குழாயைக் காட்டி அதையும் போடச் சொன்னார். அது நகர சேவையில் வராது என்று விளக்கினோம். கழிவறை நகரத்தில்தானே இருக்கிறது என்றார் அவர்.

நடுப்பகலில் தீபாங்கர் பாபு தொலைபேசியில் அலறினார். அவர் திரையில் பச்சை முழுவதும் வேர்க்குருபோல் வெடித்துக்கொண்டிருந்தது. "ஒரு பரு இருந்தது, சமாளித்தேன். இப்போது அம்மை போட்டிருக்கிறது" என்றார். நான் இருந்த இடத்தைச் சொன்னேன், வந்து பார்க்கச் சொன்னேன். வந்தார். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு எங்களோடு இரண்டு சந்து நடந்தார். பேச்சு குறைந்தது. மிதாலி வீட்டுச் சந்தில், மூழ்கிய குழியைக் குடைக் காம்பால் ஆழம் பார்த்தபோது அவர் கட்சிகள் எதையும் குறிப்பிடவில்லை. நாளைக்கு மூடி வரும் என்றார். அக்கா வங்காளியில் நாலு வார்த்தை சொன்னார். நாளைக்கு என்றால் எந்த நாளை என்று கேட்டாராம்.

பிறகு முதலாளி கூப்பிட்டார். அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் புள்ளிகள் வரிசையாக முளைத்திருக்கின்றன. "மக்கள் எப்படி ஆர்வமா பயன்படுத்தறாங்க பாருங்கன்னு சொல்லிச் சமாளிச்சேன். என்னங்க பண்ணிட்டு இருக்கீங்க அங்க?" என்றார். மிதாலியின் கையைச் சொன்னேன்.  நான் எழுத வேண்டிய வரியை வாயாலேயே சொன்னேன்: அந்த எண்ணை முடக்கக் கூடாது. புகார் போட்டதும் செயலி முதலில் கேட்க வேண்டியது, சிக்கல் நீங்கள் நிற்கும் இடத்திலா, வேறு இடத்திலா. எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும். அவர் சரி என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றார். அன்று மாலைக்குள் எங்கள் அலுவலகக் குழுவில் அதே யோசனை அவருடைய யோசனையாக வந்துவிட்டது. கட்டை விரலை உயர்த்தி நானும் பாராட்டினேன்.

சனிக்கிழமை காலையில் நான் விடைபெறப் போனபோது மாவுக்கடைச் சந்தில் குப்பை. சின்ன அளவுதான், எல்லா ஊரிலும் கிடப்பதுபோல. லாரி அன்று வேறு பக்கம் போய்விட்டது. மாடி வீட்டுக்காரர் ஒருவர் அக்காவிடம் முகம் கொடுக்காமல் மாவு வாங்கிக்கொண்டு போனார். தினமும் வந்த லாரியை எதற்காக ஊருக்கு எழுதிக் கொடுத்தாய் என்பது அவர் வருத்தம். "நேத்துலேர்ந்து இவ்வோ எல்லாம் இப்படித்தான் தம்பி" என்றார் அக்கா. "கோவம் ரெண்டு நாளைக்கு இருக்கும். தோசைக்கு வந்துதானே ஆகணும்."

இருவரும் குளத்தைத் தாண்டி நடந்தோம். தண்ணீர் வடிந்திருந்தது. தீபாங்கர் பாபுவின் ஆட்கள் கனமான ஒரு மூடியைக் கடப்பாரையால் நெம்பிக் குழியில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்ததும் ஒருவர் ஏறிக் குதித்துப் பார்த்தார். ஆடவில்லை. தெருக்காரர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்று, இடது பக்கம் கொஞ்சம் சாய்வு என்று கருத்துச் சொன்னார்கள். பெஹாலாவில் எந்த வேலையும் கருத்து இல்லாமல் முடியாது.

அப்போது மிதாலி வீட்டிலிருந்து இறங்கி வந்தார். கட்டுப் போட்ட வலது கை கழுத்தோடு தொங்கியது. நர்சிங் ஹோமில் விடுப்பைப் பற்றிப் பேசப் போகிறார் போலும். கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, யாரையோ படபடவென்று வங்காளியில் திட்டிக்கொண்டிருந்தார். மாற்றாக வந்த பெண் ஒரு நோயாளிக்கு மருந்தை நேரத்துக்குக் கொடுக்கவில்லையாம், அக்கா மெல்லச் சொன்னார்.

ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்து நின்றார்கள். ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நானும் எதிர்பார்த்தேன். மிதாலி நேராக வந்தார். திட்டிக்கொண்டே மூடியின் மேல் ஒரு காலை வைத்தார், அடுத்த காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார், சந்து திரும்புகிற இடத்தில் மறைந்தும் போனார். கீழே குனிந்து பார்க்கவே இல்லை.